புரியாத வசனங்களோடு விசுவாசத்தில் நிற்பது

பைபிளை ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பிக்கிறவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். பலி, இரத்தம், தீட்டு என்று 27 அதிகாரங்கள். 'புரியவில்லை' என்ற எண்ணம் அங்கேதான் மெல்ல 'எனக்கு விசுவாசமே இல்லையோ' என்ற பயமாக மாறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் அறிவதற்கு அரிதானவை என்று பேதுருவே எழுதுகிறார் (2 பேதுரு 3:16). அப்போஸ்தலனே அப்படிச் சொன்ன பிறகு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

லேவியராகமத்துக்கு என் வழி எளியது. 16-ஆம் அதிகாரத்தைப் படித்த கையோடு எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படியுங்கள். பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை கூடாரத்தின் உட்பகுதியான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஏன் போனான் என்பது அங்கே விளங்கும். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு முன்னால் தானியேலையும் சகரியாவையும் படித்துவிடுங்கள்.

யோபுவுக்கு மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். அதில் பேசுவது யார் என்று பார்க்காமல் ஒரு வசனத்தையும் எடுக்காதீர்கள். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பதைப் பலர் வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சொன்னது யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரில் ஒருவனான பில்தாத் (8:7). பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவம்செய்ததால் செத்திருக்கலாம் என்ற தொனியில் பேசிவிட்டு, அதே மூச்சில் சொல்கிறான். யோபுவின் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தது உண்மைதான். ஆனால் எலிப்பாசும் அவனுடைய இரண்டு சிநேகிதரும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7-இல் அவரே சொல்கிறார். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். ஏன், ஏன் என்று கேட்டு அழுதவனோ 'என் தாசனாகிய யோபு' என்று அழைக்கப்படுகிறான். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் இடையே யோபுவைக்குறித்து நடந்த பேச்சைக் கடைசிவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. காரணம் தெரியாமலேதான் தேவனுக்கு முன்பாகப் பணிந்தான். கேள்வி கேட்பது பாவமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான்.

அப்புறம், தனியாகவே போராடாதீர்கள். ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் சொல்லித்தராவிட்டால் எப்படித் தெரியும் என்று பிலிப்புவிடம் கேட்டு, அவரைத் தன் இரதத்திலேயே ஏற்றிக்கொண்டார் (அப்போஸ்தலர் 8). உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்கிறவரைவிட, 'சரி, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்கிறவரைத் தேடுங்கள்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புரியாத வசனத்தை எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவிட்டு, வாசிப்பைத் தொடருங்கள். அந்த ஒரு வசனத்துக்காகப் புத்தகத்தையே மூட வேண்டாம். இயேசு பேசினதைக் கடினமான உபதேசம் என்று சொல்லி அநேகர் பின்வாங்கிப்போனபோது, தனக்குப் புரிந்துவிட்டதாகப் பேதுரு சொல்லவில்லை. "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்றுதான் கேட்டார் (யோவான் 6:68). விசுவாசத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது.

எரிகோவில் நடந்த அழிவைப் பற்றிய யோசுவா 6-ஆம் அதிகாரம் என் நோட்டில் இன்னும் பதில் எழுதாமலேயே இருக்கிறது. பல விளக்கங்களைப் படித்திருக்கிறேன். எதுவும் மனதை முழுதாக ஆற்றவில்லை. அதை அப்படியே ஜெபத்தில் சொல்கிறேன், அடுத்த முறை வரும்போதும் அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகாமல் படிக்கிறேன்.