மஞ்சளும் சிவப்பும்

"எங்க டீமைப் பத்திப் பேசறக்கு நீ யாருடா?"

நேற்று ராத்திரி, திருப்பூரில் ஒரு பேக்கரி. டிவியில் சென்னை - பெங்களூரு மேட்ச். சட்டையைப் பிடித்தவனும் பிடிபட்டவனும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே ரூம். மஞ்சள் ஜெர்சியின் காலர் தையல் டர்ரென்று பிரிந்தது. "ஏனுங் தம்பி, விடுங்க" என்று கடைக்காரர் நடுவில் புகுந்தார்.

சம்பளமா, நிலமா? எதுவும் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு ஆத்திரம்?

1970 வாக்கில் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல், பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களிடம் எந்த ஓவியம் பிடிக்கும் என்று கேட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார். தன் குழுவில் யார் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடக் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர்க்குழுவைவிட அதிகம் கிடைக்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டார்கள்.

இதோடு நாள் முழுக்க போனில் ஓடும் வசவும், கூட்டமும், குடியும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

அதற்காக எல்லாப் பழியையும் ரசிகன் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். இந்தோனேசியாவின் கஞ்சுருகான் கால்பந்து மைதானத்தில், 2022 அக்டோபர் 1 அன்று, சொந்த ஊர் அணி தோற்றதும் ரசிகர்கள் உள்ளே இறங்கினார்கள். எதிரணி ரசிகர்களுக்கு அன்று அனுமதியே கிடையாது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, கூட்டம் குறுகலான வாசல்களில் நசுங்கியது. 135 பேர் செத்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. தடை செய்ய வேண்டிய கண்ணீர்ப்புகையை மைதானத்துக்குள் கொண்டுபோனது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.