இந்த நட்சத்திரத்துக்கு என்ன வயசுங்க மேடம்?

எம்.எஸ்ஸி இயற்பியல் பிள்ளைகளின் ப்ராஜெக்டில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் மாட்டின் பல்லைப் பார்த்தே வயசு சொல்கிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், நட்சத்திரத்துக்கும் அப்படி ஓர் அடையாளம் இருக்கும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒற்றை நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு வயசு சொல்வது ரொம்பக் கஷ்டம். ஒன்றாகப் பிறந்து இன்னமும் ஒரே திசையில் போகிற கூட்டம் கிடைத்தால்தான் பிடி கிடைக்கும்.

பெரும்பாலும் பீட்டா பிக்டோரிஸ் என்ற நட்சத்திரத்தின் பெயரில் இருக்கும் கூட்டத்தைத்தான் கொடுப்பேன். அந்த நட்சத்திரம் 63 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. 2001 வாக்கில் கூட்டத்தின் வயசு சுமார் 1.2 கோடி ஆண்டு என்றார்கள், 2015-ல் 2.4 கோடி என்று கணக்கு வந்தது. இது சின்ன விஷயமில்லை. அந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோளின் ஒளியை வைத்து எடை போடும்போது, வயசு கூடினால் எடையும் கூடிவிடும், ஏனென்றால் கோள் ஆற ஆற மங்குகிறது.

வயசு சொல்லும் முறைகளில் எனக்கு அதிக நம்பிக்கை லித்தியத்தின் மேல். சின்ன சிவப்பு நட்சத்திரம் சுருங்கி, உள்ளே வெப்பம் 25 லட்சம் டிகிரியைத் தொட்டதும் லித்தியம் எரிந்துபோகும்; கூட்டத்தில் எந்த ஒளிர்வுக்குக் கீழே அது இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் வயசு தெரியும்.

நெகமத்திலிருந்து வருகிற ஒரு பெண் நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவை எடுத்து நிறம், ஒளிர்வு வரைபடம் போட்டிருந்தாள். கூட்டத்தின் மற்ற புள்ளிகள் நின்ற வரிசைக்கு மேலே ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றது. இளசாக இருந்தால் பிரகாசம் அதிகம் என்று படித்திருந்ததால், "இது மட்டும் கடைக்குட்டிங்களா மேடம்?" என்றாள். நல்ல கேள்வி. மேலே எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கில் 0.75-ஐ ஒட்டி வந்தது, அதாவது இரண்டு மடங்கு ஒளி. அப்புறம் ருவே (RUWE) எண்ணைப் பார்த்தோம்; ஒற்றை நட்சத்திரம் என்று வைத்துப் போட்ட கணக்கு கையா அளவுகளோடு பொருந்தினால் அது 1-ஐ ஒட்டி இருக்கும், இங்கே 1.4-ஐத் தாண்டியிருந்தது. பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே புள்ளியாகத் தெரிகிற இரட்டை நட்சத்திரம் என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

இப்படி ஒன்று உள்ளே இருந்தால் நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பிறந்த இடம் தேடும் கணக்கும் கெடும். துணை இழுக்கிற இழுப்பில் வேகம் நொடிக்கு 1 கிலோமீட்டர் பிசகினாலே, 2 கோடி ஆண்டுக்கு முன்னால் போய்ச் சேரும்போது சுமார் 67 ஒளியாண்டு தள்ளி நிற்போம். அதனால்தான் வயசைக் கணக்கிடுவதைவிட, யார் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி என்று பார்ப்பதற்கே அதிக நாள் ஒதுக்கச் சொல்கிறேன். அந்தப் பெண் ஒவ்வொரு புள்ளியாக மறுபடி பார்த்தாள், ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வயசுக்குப் பக்கத்திலும் எந்த முறை, எவ்வளவு பிழை, யாரை ஏன் நீக்கினோம் என்று எழுதினாள்.