செங்காய் மாங்காயில் படித்த அப்பிள் கேக்

எங்கள் மனையியல் ரீச்சர் கேக் படிப்பித்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990 இல் போன கரண்ட், நாங்கள் சாதாரண தரம் எழுதி முடித்த பிறகும் வரவில்லை. பொருளாதாரத் தடையில் மாவும் சீனியும் தேடுவதே பெரும்பாடு. அப்படியிருந்தும் செய்முறையைக் கொப்பியில் எழுதவைத்ததோடு பாடத்தை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அலுமினியப் பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போட்டு, வகுப்பு முழுவதுக்கும் ஒரேயொரு கேக் சுட்டார். அவ்வளவு அக்கறையான ஆசிரியை.

எழுதியது அப்பிள் கேக். அந்த நேரம் அப்பிளுக்கு எங்கே போவது? தன் வளவில் காய்த்த மாங்காயைச் செங்காயாகப் பிடுங்கி வந்தார்.

"பழம் தண்ணி விடும் பிள்ளையள். தண்ணி விட்டால் கேக்கின்ரை அடி களியாப் போகும்" என்றவர், சின்னத் துண்டுகளில் கொஞ்சம் சீனி தூவி வடியவிட்டார். பிறகு துணியில் ஒற்றி, ஒரு பிடி மாவில் பிரட்டினார். மிச்ச ஈரத்தை மா இழுத்துக்கொள்ளுமாம். முட்டைகளைக் கோதோடு தராசில் நிறுத்து, அதே நிறைக்கு மாஜரீன், சீனி, மா. மாஜரீனும் சீனியும் வெளுக்கும்வரை ஆளுக்கு ஆள் அகப்பையை மாற்றி அடித்தோம்.

இன்று கனடாவின் ஒன்ராறியோவில் செப்டெம்பர் பிறந்தால் தோட்டத்துக்குப் போய்க் கூடை கூடையாக அப்பிள் பிடுங்கி வருகிறோம். இந்த மாகாணத்தின் சொந்தப் பழம் மக்கின்ரொஷ். 1811 இல் ஜோன் மக்கின்ரொஷ் என்பவர் தன் காணியில் கண்ட கன்றுகளிலிருந்து வந்த இனம். வாசம் அருமை, ஆனால் சூட்டில் குழைந்துவிடும். அதனால் நான் பாதி மக்கின்ரொஷும் பாதி நோர்தேர்ன் ஸ்பையும் சேர்ப்பேன். பின்னது புளிப்பானது, வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். கடித்தால் அந்தச் செங்காயின் ஞாபகம் வரும்.

நாலு முட்டை நிறைக்கு நடுத்தர அப்பிள் மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. வெட்டியதும் தேசிக்காய்ப் புளி விட்டால் கறுக்காது. பால் வேண்டாம், பழத்தின் ஈரமே போதும். கறுவாவை மட்டும் ஊரிலிருந்து வந்த பட்டையாக வாங்கி வீட்டில் இடியுங்கள். கடைத்தூளில் அந்த மணம் இல்லை. 350 பாகை பரனைற்றில் ஒரு மணித்தியாலம் மட்டில் பிடிக்கும். ரீச்சர் ஈர்க்குக் குத்திப் பார்த்தார், நான் மூங்கில் குச்சி. பழத்துண்டில் குத்தினால் வெந்த கேக்கிலும் குச்சி ஈரமாகத்தான் வரும், வேறிடத்தில் இன்னொருமுறை குத்துங்கள். சுட்ட அன்றைவிட மறுநாள் ருசி கூட.

சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு இந்த வருடமும் கொண்டுவருகிறேன். அன்று அகப்பை பிடித்த வகுப்புத் தோழிகள் யாராவது வந்தால், முதல் துண்டு அவர்களுக்கு.