ஓட்டுகிறவன் எங்கே?

பொம்மை ஹெலிகாப்டர் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் மேலே இருக்கும் விசிறியைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் முன்பக்கக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பேன். உள்ளே ஓட்டுகிறவன் இருக்கிறானா? இல்லையென்றால் எவ்வளவு அழகான பொம்மையாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். காலி இருக்கையோடு பறக்கிற ஹெலிகாப்டரை நம்ப என்னால் முடிவதில்லை.

இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஷோகேஸில் நிற்பது ஜுராசிக் பார்க் என்ற டைனோசர் படத்தின் பொம்மை வரிசையைச் சேர்ந்தது. ஒரு ஹெலிகாப்டர், ஒரு விமானி. கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினான். "மாமா, டைனோசர் இல்லை, வெறும் ஹெலிகாப்டர்தான், பரவாயில்லையா?" என்று கேட்டான். டைனோசர் யாருக்கு வேண்டும்? உள்ளே ஆள் இருக்கிறானா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறான் என்றதும் வாங்கச் சொல்லிவிட்டேன். பெட்டி கிடையாது. பொம்மை சேர்ப்பவர்கள் பேச்சில், இப்படிப் பெட்டியில்லாமல் வருவதற்கு 'லூஸ்' என்று பெயர். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்குத் தாவி, 2023-இல் 70-ஐத் தொட்ட பிறகு, புதுப் பெட்டியை அங்கிருந்து வரவழைக்கும் ஆசையை என்னைப் போன்றவர்கள் அநேகமாக விட்டுவிட்டோம். பெட்டி உடைத்த பழையதே போதும் என்ற ஞானம் வந்துவிட்டது.

ஜுராசிக் பார்க் 1993-இல் வந்த படம். அதில் பறப்பது இத்தாலிய அகுஸ்தா ஏ109. முதன்முதலாக 1971-இல் பறந்த இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர். டைனோசர் பூங்கா இருக்கும் தீவுக்கு விருந்தாளிகள் வந்து இறங்கும் காட்சியை ஹவாயின் கவாய் தீவில், மனவாயோபுனா அருவிக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். மலை இடுக்கில் காற்று ஹெலிகாப்டரைப் புரட்டி எடுக்கிறது. அப்போது கேமரா எங்கே இருக்கிறது? கதாநாயகன் டாக்டர் கிராண்டின் சீட் பெல்ட்டில். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் மாட்ட முடியாமல் அவர் முடிச்சுப் போடுகிறார். நல்ல வேடிக்கைதான், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காற்றில் வண்டியை அருவி ஓரமாக ஒரு சின்ன வட்டத்துக்குள் இறக்கியவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஒரு நன்றி சொல்வதில்லை. கடைசியில் உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு போவதும் ஹெலிகாப்டர்தான். அப்போதும் நாம் ஜன்னலுக்கு வெளியே பறக்கும் பறவைகளைத்தான் பார்க்கிறோம்.

பொம்மை உலகமும் அப்படியே நடந்துகொண்டது. படம் வந்த ஆண்டே கென்னர் நிறுவனம் பொம்மைகளை இறக்கியது. 2018 முதல் மேட்டல் நிறுவனம் இந்த வரிசையைச் செய்கிறது. கிராண்டுக்கும், படத்தின் இன்னொரு முக்கியப் பாத்திரமான மால்கமுக்கும் விதவிதமாகப் பொம்மைகள் உண்டு. டைனோசர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படியிருந்தும் கதையில் பெயர் இல்லாத ஒருவனுக்கு அச்சு வெட்டி, வார்த்து, சாயம் பூசி இருக்கையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால், தொழிற்சாலையில் என்னைப் போல ஒரு கிறுக்கு இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தப் பொம்மையில் அளவில் பொய் சொல்லாதவன் விமானி ஒருவன்தான். இந்த வரிசையில் மனிதப் பொம்மைகள் ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம். ஒரு சராசரி ஆளை பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்த உயரம் வரும். உண்மையான ஏ109-இன் விசிறி வட்டத்தின் விட்டம் 11 மீட்டர். அதையும் பதினெட்டால் வகுத்தால் 61 சென்டிமீட்டர், இரண்டு அடி. அந்த அளவில் செய்திருந்தால் ஷோகேஸ் கதவைக் கழற்ற வேண்டும். கடைக்காரர்களும் தட்டில் அடுக்க முடியாது. ஆகவே வாலை வெட்டி, வயிற்றை அமுக்கி, விசிறியைக் குட்டையாக்கி விற்கிறார்கள். எத்தனை குறைத்திருக்கிறார்கள் என்று விமானியைப் பக்கத்தில் நிற்க வைத்தால்தான் தெரியும். அவன் இல்லையென்றால் அது பெரிய ஹெலிகாப்டரா, சின்ன ஹெலிகாப்டரா என்றே சொல்ல முடியாது.

இந்தப் புத்தி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். 1983-இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் திறந்த பிறகு வேலைக்குப் போனவர். ஏழெட்டு மாடி உயரத்தில் தொங்கும் கேபினில், கால்களுக்கு நடுவே இருக்கும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தபடி, இரண்டு கைகளிலும் இரண்டு லீவர்களைப் பிடித்துக்கொண்டு முழு ஷிப்டையும் ஓட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் கழுத்து நேராகவில்லை. ராயபுரம் பக்கம் போகும்போதெல்லாம் கிரேன்களைக் காட்டி, அதோ அதில் ஆள் இருக்கிறான் பார் என்பார். எனக்குக் கிரேன்தான் தெரியும், ஆள் தெரியமாட்டான். தெரிகிறான் என்று சொல்லிவிடுவேன்.

பொம்மையை அவர் கையில் கொடுத்தேன். டைனோசர் படம் என்றதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. கண்ணாடி அணிந்துகொண்டு விமானியை வெளியே எடுத்தார். கைகளைப் பார்த்தார். "இவன் என்னடா, ஒன்றையும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்?" என்றார். விரல்கள் எதையோ பிடிப்பது போல வளைந்திருக்கின்றன, ஆனால் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. ஹெலிகாப்டரில் வலது கை நடுவில் இருக்கும் கம்பியை விடவே கூடாது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இடது கை இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலில் இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் அதில். வால் விசிறிக்குக் கால் மிதிகள். ஆக, நான்கு கை காலுக்கும் வேலை. பயணிகள் விமானத்தில் கேப்டன் இடது பக்கம் உட்கார்கிறார். பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் வலது பக்கம். நான் இதையெல்லாம் சொன்னதும் அப்பா விமானியை வலது இருக்கையில் மாற்றி உட்கார வைத்தார். பிறகு ஒரு தீக்குச்சியை ஒடித்து அவன் வலது கையில் சொருகினார். அந்தக் குச்சி இன்னும் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

கடற்கரையோரம் இருந்துகொண்டு பொம்மை சேர்ப்பது ஒரு தண்டனை. காசிமேட்டிலிருந்து வரும் உப்புக் காற்று முதலில் திருகாணிகளைத் தின்னும். பேட்டரி அறை இருக்கிற பொம்மை என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பச்சை பிடித்துவிடும். பேட்டரியை ஒருபோதும் உள்ளேயே விடாதீர்கள். ஜன்னல் வெயில் வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். இவற்றையெல்லாம் விட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. மெத்தென்ற பி.வி.சி. பொம்மைகளில் அதை வளையச் செய்வதற்காக ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். சூட்டில் அது மெல்லக் கசிந்து, ஒட்டியிருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மே மாதத்தில் எங்கள் மாடி வீட்டுச் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட விமானியை வருடக்கணக்கில் இருக்கையிலேயே விட்டால் அவன் இருக்கையோடு ஒட்டிக்கொள்வான். எடுத்தால் அடியில் தழும்பு தெரியும். விவரம் தெரிந்தவர்கள் ஆளைத் தனியாக எடுத்து உறையில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. இட்லி மாவு வாங்கி வந்த பாலித்தீன் பையைக் கழுவி, ஒரு துண்டு வெட்டி, அவனுக்கும் இருக்கைக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். பாலித்தீனில் அந்த எண்ணெய் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதும் இல்லை.

பெரம்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவரும் சேகரிப்பவர்தான், நல்ல மனிதர். காட்டுச் செட் ஒன்றை அட்டையிலும் களிமண்ணிலும் செய்துகொண்டிருக்கிறாராம். அதில் டைனோசர் வாயில் மாட்டிக்கொள்ள ஒரு ஆள் தேவை. "அண்ணா, ஹெலிகாப்டர் உங்களிடமே இருக்கட்டும், விமானியை மட்டும் கொடுங்கள்" என்றார். சொன்ன விலை முழுப் பொம்மைக்கு மச்சான் கொடுத்ததற்குப் பக்கத்தில் வந்தது. இந்தச் சந்தையில் அது வியப்பில்லை. உதிரியாக வரும் வண்டிகளில் முதலில் காணாமல் போவது உள்ளே இருக்கும் ஆள்தான். பிள்ளைகள் கையில் தொலைவது பாதி, இவரைப் போன்றவர்கள் பிடுங்கி விற்பது பாதி. கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் எங்கள் மொட்டை மாடிக்கு மேல் தாழப் போனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் கை காட்டுவார்கள். இரும்புக்கா காட்டுகிறார்கள்? இதைச் சொன்னபோது பெரம்பூர்க்காரர் சிரித்துவிட்டு விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்ததாகப் பழைய தகரப் பஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடுகிற வகை. ஜன்னலில் பயணிகளை வரைந்து வைத்துவிட்டு டிரைவர் இடத்தை வெறுமையாக விட்டதுதான் எங்கும் கிடைக்கிறது. டிரைவரோடு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், துரு பிடித்திருந்தாலும் பரவாயில்லை. கண்டக்டரும் இருந்தால் விலையை நீங்களே சொல்லலாம்.