சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேர்தூரம் 15,349 கிலோமீட்டர். சரிபார்க்க இணையதளம் எதுவும் வேண்டாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104, ஜேஎஃப்கே மேற்கு 74. கூட்டினால் 178, பூமியின் கிட்டத்தட்ட மறுபக்கம். அதனால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து ஜேஎஃப்கேவுக்கு 49.4, ஆக 138. பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 வந்துவிடும்.

மைலில் சொன்னால் 9,537. விமானிகள் சொல்லும் கடல்மைலில் 8,288. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஆயிரம் மைல் எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

நேரத்துக்கு வருவோம். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும். டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் போய் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

மிச்சத்தைத் தீர்மானிப்பது காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்ற, விமானம் பறக்கும் உயரத்தில் வேகமாக ஓடும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். துருவ வழியில் மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று இருந்தால் 15,349 கி.மீ.க்கு 18 மணி நேரம் ஆகும். பசிபிக் பக்கமாக 16,500 கி.மீ. சுற்றினாலும், வழிநெடுக 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் பதினாறரை மணி நேரத்தில் முடியும். அதனால்தான் பாதையை அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வரைபடத்தில் கோடு வளைந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் 161 இருக்கைதான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமியே கிடையாது. இவ்வளவு தூரத்துக்கான எரிபொருளைச் சுமக்க, ஆள் எடையைக் குறைத்தாக வேண்டும்.

அதிகம் தப்பாகப் போவது கடிகாரத்தில். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. கோடையில் இரவு 11.30க்குச் சிங்கப்பூரில் கிளம்பினால் அங்கே அன்று காலை 11.30. பதினெட்டரை மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் காலை 6.00. திரும்பும்போதுதான் வம்பு: நியூயார்க்கில் இரவு 10.30க்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது மறுநாள் அல்ல, அதற்கடுத்த நாள் காலை. டிக்கெட்டில் +2 என்று பொடி எழுத்தில் இருக்கும். ஹோட்டலும் இணைப்பு விமானமும் அந்தத் தேதிக்குப் போடுங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இது சுற்றுவழி. சென்னை – ஜேஎஃப்கே நேர்தூரம் சுமார் 13,500 கி.மீ.; சிங்கப்பூர் வழியாக 18,250ஐத் தாண்டும். வளைகுடா வழியோ ஐரோப்பா வழியோதான் லாபம்.