சுத்தமா இருக்கு சார்

"என்னப்பா, வலது பக்கம் மூணுதான் தெரியுது. பிள்ளை அசைஞ்சுதா?"

"இல்ல சார். படம் சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கு, அதான் கேக்குறேன்."

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் நான் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதும் டாக்டரான அவரும் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு "சரி" என்று போனை வைத்துவிட்டார். மொத்தம் அரை நிமிடம்கூட இருக்காது. ஏழெட்டு மாதம் ஆகிறது, இன்னும் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் தேடிக்கொண்டே போகிறேன்.

மூணு என்று அவர் சொன்னது நரம்புகளை. உள்காதுக்குப் போகும் எலும்புக் குழாயைக் குறுக்காக வெட்டினாற்போல் பார்த்தால், வெள்ளை வெளேரென்ற நீருக்குள் நான்கு கறுப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். முன்பக்கம் மேலே முக நரம்பு, அதற்கு நேர் கீழே கேட்கும் நரம்பு, பின்பக்கம் சமநிலைக்கான இரண்டு. கேட்கும் நரம்பு வழக்கமாக முக நரம்பைவிடக் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும், அப்படியும் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் காது கேளாத பிள்ளையைக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை எந்தக் காதில் வைப்பது, வைத்தால் பயன் இருக்குமா, மூளைத்தண்டில் வைக்கும் வேறு அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டுமா என்று பேச்சே மாறிவிடும். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், சத்தம் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் இருக்கிறது, இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றன. இந்த வாக்கியத்தை எனக்கு நானே நிறைய முறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

பிள்ளைக்கு இரண்டரை வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தார்கள், தூக்க சிரப் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக முந்தின நாள் ராத்திரி பாதிக்கு மேல் தூங்க விடாமல் வைத்திருந்து. சிரப் கொடுத்து முக்கால் மணி நேரம் அம்மா தோளில் போட்டுத் தட்டி, ஒருவழியாகத் தூங்கியது. படுக்க வைத்து, மெஷின் போடும் சத்தத்துக்காக அந்தச் சின்னக் காதில் பஞ்சை உருட்டி வைக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "காது கேக்காத பிள்ளைக்கு இது எதுக்கு சார்?" கொஞ்சநஞ்சம் கேட்கிற சக்தி மிச்சம் இருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும், அதற்குத்தான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்னொரு காதுக்கான பஞ்சை அவரே வாங்கி உருட்டித் தந்தார். அந்தப் பஞ்சு உருண்டையை நான் மறக்கவில்லை. என்னிடமிருந்த அக்கறை அந்தப் பத்து நிமிடத்தில் அவ்வளவு சரியாக இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் அது எங்கே போனது என்பதுதான் புரியவில்லை.

காந்த சக்தி 1.5 டெஸ்லா உள்ள எங்கள் மெஷினில் போன வருடம்தான் சிக்னலைப் படமாக்கும் புதிய ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் சாஃப்ட்வேர் போட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. நாம் எடுப்பது படமே இல்லை, ஆன்டெனா போன்ற 'காயில்' என்ற கருவி பிடிக்கும் சிக்னல். அது கே-ஸ்பேஸ் என்ற கட்டத்தில் வரிவரியாக நிரம்பி, ஃபூரியர் என்ற கணக்கு போட்ட பிறகுதான் படமாகிறது. நுணுக்கமாக வேண்டுமென்றால் சிக்னல் குறையும். ஒரு வாக்ஸலின், அதாவது படத்தின் மிகச் சின்னக் கனக் கட்டத்தின், மூன்று பக்கத்தையும் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒரு பங்குதான். நேரத்தைக் கூட்டி மட்டும் அதை ஈடுகட்ட நினைத்தால், தெளிவு நேரத்தின் வர்க்கமூல அளவுக்குத்தான் கூடும் என்பதால், 64 மடங்கு நேரம் வேண்டும். எந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் தூங்கும்? அதனால்தான் இத்தனை வருடமாகக் கணக்கை வைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். 1999-இல் ப்ரூஸ்மனும் உடனிருந்தவர்களும் சென்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள், பல காயில்கள் ஆளுக்கொரு கோணத்தில் பிடிப்பதால் எல்லா வரியையும் எடுக்க வேண்டியதில்லை என்று. 2007-இல் லஸ்டிக், டோனோஹோ, பாலி ஆகியோர் கம்ப்ரஸ்ட் சென்ஸிங்கை எம்.ஆர்.ஐ.க்குப் பொருத்தினார்கள், வரிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தாலும் போதும் என்று. இப்போது வந்திருப்பது அதற்கும் மேலே. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஏ.ஐ. நெட்வொர்க், சிக்னலோடு கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸை எடுத்துவிட்டு விளிம்புகளைக் கூர்மையாக்கித் தருகிறது. ஒரு தொகுதிப் படம் எடுக்கும் ஓட்டத்தை சீக்வென்ஸ் என்போம், ஆறு நிமிட சீக்வென்ஸ் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது.

முதல் வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயதானவர்கள், முதுகுவலியில் மல்லாக்கப் படுக்க முடியாதவர்கள், குழந்தைகள், எல்லோரும் பாதி நேரத்தில் எழுந்து போனார்கள்.

சாஃப்ட்வேரில் ஒரு டிக் உண்டு. பிராசஸ் செய்த படத்தோடு பழைய முறைப் படத்தையும் சேர்த்து அனுப்பவா என்று கேட்கும். ஆரம்பத்தில் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரே படம் இரண்டு இரண்டாக வருகிறது, குழப்பமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் டாக்டர்கள் சொன்னார்கள், சர்வரிலும் இடம் அடைக்கிறது என்றார்கள். சரி என்று எடுத்துவிட்டேன். யாரும் உத்தரவு போடவில்லை, என் கையால்தான் எடுத்தேன். நாய்ஸை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் மூன்று அளவு உண்டு. குழந்தைகளுக்கான அமைப்பில், அதாவது பீடியாட்ரிக் புரோட்டோகாலில், அதிகபட்சத்தை வைத்ததும் நான்தான்.

இனி அந்த "இல்ல சார்".

காது சீக்வென்ஸ் முடிய இருபது விநாடி இருக்கும்போது கேமராவில் பிள்ளையின் கால் அசைந்ததைப் பார்த்தேன். போர்வைக்குள் ஒரு உதறல், அவ்வளவுதான். தலை அசைந்த மாதிரித் தெரியவில்லை, தலை இரண்டு பக்கமும் பஞ்சணை வைத்து இறுக்கியிருந்தது. கால் அசைந்தால் தலை மயிரிழை நகராமலா இருக்கும் என்று இப்போது கேட்கிறேன். இது 3டி சீக்வென்ஸ், ஒரு நொடி அசைவு ஒரு ஸ்லைஸோடு போகாது, மொத்தப் படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடும். பழைய படமாக இருந்தால் அந்தக் கலங்கல் எனக்கே கண்ணில் பட்டிருக்கும். புதியதில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது பக்கம் நான்கு புள்ளி, வலது பக்கம் மூன்று. நானும் எண்ணினேன். கேட்கும் நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமான வெள்ளை.

அவர் கேட்டது அசைந்ததா என்று. நான் சொன்னது படம் எப்படி இருக்கிறது என்று. அசைந்திருந்தால் படம் கெட்டிருக்கும், படம் கெடவில்லை, ஆகவே அசையவில்லை. பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் நான் நம்பி வந்த கணக்கு இது, அதே பழக்கத்தில்தான் பதில் வந்தது, பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் கால் அசைந்ததைப் பார்த்திருந்தேன். "கால் அசைஞ்சுது சார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெளியே ட்ராலியில் ஒரு ஸ்ட்ரோக் கேஸ் காத்திருந்தது. அதுவும் உண்மை. பிள்ளை அதற்குள் விழித்து அழ ஆரம்பித்திருந்தது, மறுபடி சிரப் கொடுக்க முடியாது, இன்னொரு நாள் வரச் சொன்னால் அந்த அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போகும். இத்தனையும் உண்மைதான். ஆனால் இதில் எதுவுமே மெஷினில் இருக்கும் மூல சிக்னலை, அதாவது ரா டேட்டாவைத் திரும்பப் போட்டு, சாஃப்ட்வேர் இல்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்புவதற்குத் தடையாக இருக்கவில்லை. அதற்குப் பிள்ளை தேவையில்லை, மெஷினில் சில நிமிடம் போதும். ஸ்ட்ரோக் கேஸ் முடிந்த பிறகுகூடச் செய்திருக்கலாம்.

"சுத்தமா இருக்கு, அதான் கேக்குறேன்" என்றால் என்ன அர்த்தம் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. இவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் அவருக்கு இடித்திருக்கிறது. அடுத்த நாள் எனக்கு லீவு. மூன்றாம் நாள் போய் முதல் வேலையாகத் தேடினேன். ரா டேட்டா இல்லை. எங்கள் மெஷினில் புது கேஸ் வர வர பழையது அழிந்துவிடும், இரண்டு நாள் கூட்டம் அதைத் தள்ளிவிட்டிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்து கால் அசைந்ததைப் பற்றியும் சொன்னேன், புரோட்டோகாலைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வலது பக்கம் நரம்பு தெரியவில்லை, மிக மெலிந்தும் இருக்கலாம், தேவைப்பட்டால் 3 டெஸ்லாவில் பார்க்கவும்னு எழுதியிருக்கேன்பா. ஈ.என்.டி.ல அவங்க பாத்துக்குவாங்க" என்றார். என் பதிலை நம்பாமல்தான் அப்படி எழுதினாரா, இல்லை எப்போதும் அப்படித்தான் எழுதுவாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு காதில் வைப்பதாக இருந்தால் நான்கு புள்ளி தெரிந்த இடது காதில்தான் வைத்திருப்பார்கள், அது எப்படியும் சரிதான் என்று நினைத்துக்கொள்கிறேன். வலது காதில் நிஜமாகவே நரம்பு இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் மெஷின் உள்ளதைத்தான் காட்டியது, நான் சொன்னதும் தப்பில்லை. தப்பில்லை என்று நினைக்கிற அன்றைக்குத்தான் தூக்கம் இன்னும் மோசமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து நிறையப் படித்தேன், முன்பே படித்திருக்க வேண்டியவை. நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 2018-இல் ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்ற திட்டத்தை ஆரம்பித்து, ரா டேட்டாவை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். அதை வைத்து 2020-இல் போட்டி நடத்தியபோது, நான்கு மடங்கு வேகத்தில் எடுத்த ஒரு மூளைப் படத்தில் ஒரு நெட்வொர்க், அங்கே இல்லாத ரத்தக் குழாய் ஒன்றைப் போட்டு வைத்திருந்தது. அதே 2020-இல் வந்த இன்னொரு ஆய்வில் படத்துக்குள் சின்ன எழுத்துகளையும் குறிகளையும் வேண்டுமென்றே வைத்து, நெட்வொர்க்குகள் அவற்றைத் திருப்பித் தருகின்றனவா என்று பார்த்தார்கள். சிலவற்றில் அவை கலங்கிக் காணாமல் போயின. எங்கள் மெஷினில் இருப்பது அவற்றில் ஒன்று இல்லை, விற்பனைக்கு வருமுன் சோதித்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். ஆனால் எங்கள் காது சீக்வென்ஸில் நிஜமாக அளப்பது 0.8 மில்லிமீட்டர், திரையில் காட்டுவது 0.4. ஒரு மெலிந்த நரம்பு அளவில் ஒரு வாக்ஸல்கூட வராது. அந்த இடைவெளியை நிரப்பியது சிக்னலா, பழக்கமா என்று படத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்?

பழைய படத்தில் புள்ளி புள்ளியாக இருந்த நாய்ஸை இத்தனை வருடம் எதிரியாகத்தான் பார்த்தேன். அது டாக்டரிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, இந்த இடத்தை ரொம்ப நம்பாதே என்று. அதை நான் துடைத்து அனுப்பிவிட்டேன். இப்படி எழுதும்போதே மறுபக்கமும் எழுகிறது. பழைய ஆறு நிமிட சீக்வென்ஸ் ஓட்டியிருந்தால் கால் உதறிய பிறகும் பாதிக்கு மேல் பாக்கி இருந்திருக்கும், பிள்ளை எழுந்து, இடது காதின் நான்கு புள்ளிகூடக் கிடைத்திருக்காது. சாஃப்ட்வேரை நான் குறை சொல்லவில்லை. நாளைக்கே அதே பிள்ளை வந்தாலும் அதே வேகமான சீக்வென்ஸைத்தான் ஓட்டுவேன்.

டிக்கை மறுபடி போட்டுவிட்டேன். நாய்ஸ் அளவை நடுவில் வைத்திருக்கிறேன். காது கேஸ் வந்தால் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாகத் திறந்து நானே எண்ணிப் பார்க்கிறேன், அது என் வேலை இல்லை என்று தெரிந்தே. போன வாரம் ஒரு பையன், நான்கு வயது, வலது பக்கம் நாலாவது புள்ளி மங்கலாக இருந்தது. டாக்டர் கூப்பிடும் முன் நானே கூப்பிட்டேன். கடைசியில் லேசாக அசைந்தான் சார், பழைய சீரிஸையும் திறந்து பாருங்கள் என்றேன். திறக்கும் சத்தம், மவுஸ் சத்தம் எல்லாம் போனில் கேட்டது.

"ரெண்டும் ஒண்ணாத்தானப்பா இருக்கு" என்றார்.

ஒன்றாகத்தான் இருந்தது.