கடிந்துரையைக் கேட்கும் செவி: லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு. பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்துகாலத்தின் முதல் ஞாயிறு. உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது அரசனைக் கடிந்துகொள்ள நாத்தான் தீர்க்கதரிசி வந்த பகுதியே இன்றைய பிரசங்கம். போதகர் ஐயா பத்சேபாளைப் பற்றியே அதிகம் பேசினார். எனக்கோ அரசன் சொன்ன பதில்தான் பெரிதாகத் தோன்றியது. உரியாவைச் சாகடிக்கும் கட்டளையை அவன் கையிலேயே கொடுத்தனுப்பிய ஒருவனுக்கு, அரண்மனைக்குள் தனியாக வந்து நின்ற தீர்க்கதரிசியைத் தீர்த்துக்கட்டுவது கடினமான காரியமே அல்ல. ஆனாலும் தாவீது காரணம் சொல்லவில்லை, சாட்சி கேட்கவில்லை. “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபின் வேதாகமத்தில் யூதா அரசர்களின் வரலாறான நாளாகமத்தைப் புரட்டினேன். நல்ல அரசன் என்று பெயரெடுத்த ஆசா, ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி கடிந்துகொண்டதும் அவனைக் காவலில் வைத்தான். 52 ஆண்டுகள் ஆண்ட உசியாவோ, ஆசாரியருக்கு மட்டுமே உரிய வேலையாகிய தூபங்காட்டுதலைச் செய்ய ஆலயத்துக்குள் போனபோது அசரியாவும் 80 ஆசாரியர்களும் தடுத்ததற்கு, தூபகலசத்தைக் கையில் பிடித்தபடியே சீறினான். நெற்றியில் குஷ்டம் தோன்றியது அப்போதுதான். ஆலயத்தின்மேல் அக்கறை உள்ளவர்களுக்கும் கடிந்துரை கசக்கவே செய்கிறது.

மார்ச் 13, வியாழன். செந்தூல்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம். அலெக்சந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், பேச்சில் வல்லவன். ஆனால் இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்தவன். எபேசுவின் ஜெபஆலயத்தில் அவன் பேசக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள். அந்தத் தம்பதியர் கூடாரம் செய்து பிழைத்தவர்கள், கிலவுதியு பேரரசனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறியவர்கள். படித்தவன் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அதிலும் ஒரு பெண் விளக்கக் கேட்டுக்கொண்டதை லூக்கா எந்த ஆரவாரமும் இல்லாமல் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். எங்கள் கூட்டத்திலும் அதை வேகமாகக் கடந்துவிட்டார்கள். நான் இன்னும் சற்று நேரம் அங்கே நின்றிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனையில் மன்றாட்டு ஜெபத்தை நடத்திய மூப்பர், சபையார் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் மனநலத்துக்காக மாத்திரை சாப்பிட்டு வருவதையும் சேர்த்தே ஜெபித்துவிட்டார். அந்தக் குடும்பம் நான்காவது வரிசையில்தான் இருந்தது.

ஆராதனை முடிந்து, கூடத்தில் எல்லாரும் தேநீருக்கு நின்றபோது, தாதியாக வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி அந்த மூப்பரை ஓரமாக அழைத்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்ததால் காதில் விழுந்தது.

“அங்கிள், அத சபையில சொல்லச் சொல்லி அவங்க கேட்டாங்களா?”

“ஜெபத்துக்குத்தானேமா சொன்னேன்...” என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட சிறிய குறிப்பேட்டை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு குறிப்பேட்டையே அவளிடம் நீட்டி, “வேற யாருக்காச்சும் இப்படி எழுதியிருக்கேனா, பாரும்மா” என்றார். இருவரும் நெகிழி நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பிறகு அவர் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார்; அங்கே என்ன பேசினார் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 20, வியாழன்

வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் வெளிப்படையாகவே கேட்டான்: “தாழ்மை, தாழ்மைன்னு எப்பவும் எங்களுக்குத்தானே சொல்றீங்க, சார்?” கேள்வி நியாயமானது. வேதத்தைப் பார்த்தால் திருத்தம் பெரும்பாலும் கீழிருந்தே மேலே போகிறது. சீரிய படைத்தலைவன் நாகமான் கோபத்தோடு திரும்பிப் போனபோது, அவனை யோர்தானுக்கு அனுப்பி வைத்தது அவனுடைய ஊழியக்காரரின் பேச்சு. விடியற்காலம் முதல் மாலை வரை வழக்குத் தீர்த்துச் சோர்ந்துபோன மோசேக்கு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று சொன்னவர் மீதியான் தேசத்து மாமனார் எத்திரோ. மோசே அவர் சொன்னபடியே ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தினார். சீனாய் மலையில் தேவனோடு பேசப்போகிறவர், அதற்கு முந்தைய அதிகாரத்தில் மாமனார் பேச்சைக் கேட்கிறார்! எங்கள் சபைகளில் தாழ்மைப் பாடத்தை வாலிபர் முகாமுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மூப்பர் தியானங்களில் நிர்வாகம் பேசுவது எனக்குத் தலைகீழாகவே படுகிறது.

மார்ச் 28, வெள்ளி

பிரசங்கம் ஒன்றில் இருந்த பிழையை ஒருவர் போதகரிடம் சொல்லாமல் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பிழை பிழைதான். ஆனாலும் போதகரின் முகம் இரண்டு நாளாக வாடியிருப்பதைப் பார்க்கையில், ஆதித் திருச்சபையின் அறிஞர்களான அகஸ்தீனும் ஜெரோமும் நினைவுக்கு வந்தார்கள். யூதரல்லாத விசுவாசிகளோடு உண்பதைவிட்டு விலகிய பேதுருவை அந்தியோகியாவில் பவுல் கடிந்துகொண்டது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட நாடகம் என்று ஜெரோம் எழுதியிருந்தார். ஹிப்போவின் பேராயரான அகஸ்தீன் அதை மறுத்துக் கடிதம் அனுப்பினார். கடிதமோ பெத்லெகேமில் இருந்த முதியவரான ஜெரோமின் கைக்கு வருமுன்னே இத்தாலியில் பலர் கைக்குப் போய்விட்டது. பெரியவரை வீழ்த்திப் பெயர் வாங்கப் பார்க்கும் இளையவனின் வேலை என்று ஜெரோம் மனம் நொந்தார். ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் போய்வந்த பிறகே அந்தக் காயம் ஆறத் தொடங்கியது.

அந்த வாதத்தினூடே அகஸ்தீன் சொன்ன ஒன்றைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். பின்னால் வந்தவனாகிய பவுல் கண்டித்துப் பேசிய துணிவைவிட, மூத்தவராகிய பேதுரு அதைப் பணிவோடு ஏற்றுக்கொண்டதே அரிய முன்மாதிரி என்கிறார். அவர் அதைப் பிறருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. முதுமையில் தம் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கெங்கே தவறினேன் என்று தாமே எழுதி வைத்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குழுவில் எழுதியவர் இன்று போதகரைச் சந்தித்ததாகக் கேள்வி. நல்லது. ஆனால் அதைச் சாக்காக வைத்து, இனி எந்தக் குறையையும் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று மூப்பர் ஒருவர் அறிவித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தனித்துப் பேசு என்று தொடங்கும் மத்தேயு 18, கேளாதவனைக் குறித்துச் சபைக்குத் தெரியப்படுத்து என்றும் சொல்கிறது. பேதுரு எல்லாரும் பார்க்கப் பந்தியிலிருந்து விலகியதால்தான் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். ஒருவரின் நோயைப் பற்றிய பேச்சு ஓரமாக நடக்க வேண்டியது; காணிக்கைக் கணக்கைப் பற்றிய கேள்விக்கு ஆண்டுக் கூட்டத்தில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மூப்பர் குழுவுக்கு இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்.